சண்டை வீரரின் இடத்தைத் திறந்து வைத்திருப்பது நீங்கள்தான்: தேசிய ஹொக்கி லீக்குக்கு ஒரு திறந்த மடல்

தேசிய ஹொக்கி லீக்கின் ஆணையாளர் திரு. கரி பெட்மன் அவர்களுக்கும், கழக உரிமையாளர்களுக்கும், வீரர்கள் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும்:

வட அமெரிக்காவில் பனி ஹொக்கியை நடத்தும் லீக்கும் அதன் வீரர்கள் சங்கமுமாக நீங்கள் இரு தரப்பும் 2025 ஜூலையில் உடன்பட்ட புதிய கூட்டு ஒப்பந்தம் 2026 செப்டெம்பரில் தொடங்கி 2030 செப்டெம்பர் வரை செல்லும். பருவத்துக்கு 82 ஆக இருந்த ஆட்டங்களை 84 ஆக உயர்த்த அதில் இடம் கிடைத்தது. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடம் ஜோன்சன் என்ற வீரர் சறுக்குக் காலணியின் கத்தி கழுத்தில் வெட்டி இறந்த பின்னர் எழுந்த கேள்விகளுக்கு விடையாக, லீக்குக்குப் புதிதாக வரும் வீரர்கள் கழுத்துக் காப்பு அணிந்தே ஆக வேண்டும் என்ற நல்ல முடிவுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் இரண்டு வீரர்கள் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் ஒருவர் முகத்தில் ஒருவர் குத்திக்கொண்டாலும், ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் இருந்துவிட்டு மீண்டும் ஆட வரலாம் என்று 1922 இல் எழுதப்பட்ட ஏற்பாடு அப்படியே நிற்கிறது. அந்த ஏற்பாடு நிற்கும்வரை, விளையாடுவதற்காக அன்றி அடிப்பதற்காகவே அணியில் சேர்க்கப்படும் 'என்ஃபோர்சர்' என்ற சண்டை வீரருக்கும் ஓர் இடம் இருந்துகொண்டே இருக்கும். இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் ஸ்காபரோவில் வாழும் ஒரு தமிழ்த் தகப்பன். சிறுவர் அணிகளில் காயங்களைக் கவனிக்கும் தொண்டர் ட்ரெய்னராகப் பல பருவங்கள் பெஞ்சில் நின்றிருக்கிறேன். சிறுவர் ஹொக்கியில் சண்டையிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அதற்குமேல் தடை. அந்த விதி வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்தவன் நான். பத்து, பன்னிரண்டு வயதில் ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், ஹெல்மெட்டை மோதிக்கொண்டு கத்துவார்கள், நடுவர் வந்து பிரித்துவிட்டால் முடிந்துவிடும். சண்டை இல்லாததால் அந்த ஆட்டங்களில் எவருடைய துணிவும் குறைந்ததை நான் காணவில்லை.

பதினாறு வயதில்தான் எல்லாம் மாறுகிறது. என் மகன் உயரமானவன். வேகம் கொஞ்சம் குறைவு. இளையோர் அணி ஒன்றின் தெரிவு முகாமுக்குப் போனபோது, அந்த அணியைச் சேர்ந்த ஒருவர், 'இவனுடைய கைகளுக்குக் கோல் வராது, ஆனால் இந்த உடம்புக்கு ஒரு வேலை இருக்கிறது' என்று என் முன்னாலேயே சொன்னார். அவர் தீய மனிதர் அல்லர். அந்தச் சந்தையில் எது விலைபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் பயிற்சி ஆட்டத்தில் நடுவர் பக் என்ற ரப்பர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்ஓஃப் வட்டத்தில் நின்ற என் மகன், எதிரே நின்ற, முன்பின் அறியாத ஒரு பிள்ளையிடம் ஏதோ கேட்டதையும் அந்தப் பிள்ளை தலையாட்டியதையும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பக் விழுவதற்கு முன்பே கையுறைகள் விழுந்துவிட்டன. இருவருக்கும் இடையில் ஒரு கோபமும் இருக்கவில்லை. இருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஹெல்மெட் கழன்ற பிறகு விழுந்த ஒரு குத்தில் என் மகன் பின்பக்கமாகச் சரிந்தான். நான் சப்பாத்துக் காலோடு பனிக்குள் ஓடி, அவன் தலை அசையாதபடி இரண்டு காதுகளுக்கும் மேலாகக் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டேன். 'அப்பா, நாங்கள் வெல்கிறோமா?' என்று கேட்டான். பதில் சொன்னேன். சிறிது நேரத்தில் அதே கேள்வியை அதே தொனியில் மறுபடியும் கேட்டான். மீண்டும் கேட்டான். மூளையதிர்ச்சியில் அப்படி நடக்கும் என்று எனக்குப் பாடம் சொல்லித்தந்திருந்தார்கள். பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து அது வரும்போது படித்த பாடம் உதவவில்லை. அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை அவன் திரை இழுத்த அறையில் கழித்தான். புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டினால் தலைவலி வந்துவிடும். ஏன் சண்டைக்குப் போனாய் என்று பின்னொரு நாள் கேட்டபோது, 'மேலே போவதற்கு என்னிடம் இருந்த ஒரே வழி அதுதான் என்று நினைத்தேன்' என்றான்.

அந்த 'மேலே' என்பது உங்கள் லீக். உங்கள் அணிகளில் மிகக் குறைந்த நேரமே ஆட இறங்கும் நான்காவது வரிசையில் ஒரு சண்டைக்காரருக்கு நாற்காலி இருக்கிறது என்பதால்தான் அதற்குக் கீழே உள்ள படிகளில் எல்லாம் பிள்ளைகள் அந்த வேலையைப் பழகுகிறார்கள். 2024 பெப்ரவரி 18 அன்று நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக முதன்முதலாக இறங்கிய 21 வயது மட் ரெம்பி, ஆட்டம் தொடங்கியதுமே எதிரணியின் மட் மார்ட்டினோடு சண்டையிட்டார். அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 17 ஆட்டங்கள். தண்டனை நிமிடங்கள் 71. அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று ரேஞ்சர்ஸ், நியூஜெர்சி டெவில்ஸ் அணிகளின் பத்து ஆட்டக்காரரும் முதல் பக் விழுந்தவுடன் ஐந்து சோடிகளாகக் குத்திக்கொண்டார்கள். அந்தக் காட்சிகள் உங்கள் லீக்கின் சொந்தக் காணொளிப் பக்கங்களிலேயே ஓடின. ரெம்பியை நான் குறைசொல்லவில்லை. தனக்குத் திறந்திருந்த ஒரே கதவால் நுழைந்த ஓர் இளைஞர் அவர். நான் பேசுவது அந்தக் கதவை வைத்திருப்பவர்களோடு.

சண்டை வீரர்களுக்கு மதிப்பு உண்டு என்று வாதிடுவோரை நான் அலட்சியப்படுத்தவில்லை. எட்மன்டன் அணியில் சண்டை வீரர்களான டேவ் செமென்கோவும் பின்னர் மார்ட்டி மக்சோர்லியும் பக்கத்தில் இருந்ததால்தான் நட்சத்திர வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியை எவரும் தொடத் துணியவில்லை என்பார்கள். 1988 இல் கிரெட்ஸ்கி லொஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றப்பட்டபோது மக்சோர்லியும் கூடவே போனார் என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரு கால் நூற்றாண்டுக்கு அதில் உண்மை இருந்திருக்கலாம். நடுவர் ஒருவரே இருந்த, ஆட்டத்துக்குப் பின் காணொளியைப் பார்த்துத் தண்டிக்கும் துறை இல்லாத காலம் அது. இன்று ஒவ்வொரு மோதலும் பல கோணங்களில் பதிவாகிறது. 2005 இன் பின் வந்த சம்பள உச்சவரம்பும், பிடித்து இழுப்பதற்கு விதித்த கடுமையான தண்டனைகளும் நான்காவது வரிசையும் ஓடி ஆட வேண்டும் என்ற நிலையை உருவாக்கிவிட்டன. 2008-09 பருவத்தில் 700 ஐத் தாண்டியிருந்த சண்டைகள் பத்தே ஆண்டுகளில், 2018-19 இல், 250 க்கும் கீழே இறங்கின. எந்த நட்சத்திர வீரரும் அதனால் அழிந்துபோகவில்லை. எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணி 2023 இல் சண்டை வீரர் ரயன் ரீவ்ஸை ஆண்டுக்கு 13.5 இலட்சம் டொலருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. இரண்டாம் பருவம் முடியும் முன்னரே அவரைக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிட்டது.

சண்டை வீரர் மற்றவர்களைக் காப்பாற்றுகிறார் என்ற கூற்றைச் சோதிக்க உங்கள் சொந்த வரலாறே போதும். 2004 பெப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வன்கூவர் அணித்தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்டை மோதிக் காயப்படுத்தினார். மார்ச் 8 அன்று இரு அணிகளும் மீண்டும் சந்தித்தபோது, ஹொக்கியின் எழுதாத சட்டம் கேட்கும்படியே, மூர் முதல் பகுதியிலேயே வன்கூவரின் மட் கூக்கோடு சண்டையிட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். எழுதாத சட்டத்தின்படி அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் வன்கூவரின் டொட் பெர்ட்டூசி அவரைப் பின்னாலிருந்து குத்தி வீழ்த்தினார். மூரின் கழுத்தெலும்பு முறிந்தது. அவர் அதன்பின் ஆடவே இல்லை.

அதே மட் கூக் பின்னர் பிற்ஸ்பர்க் அணிக்குப் போனார். 2010 மார்ச் 7 அன்று பொஸ்ரனின் மார்க் சவார்ட்டைத் தலையில் மோதி வீழ்த்தினார்; லீக் அவருக்கு ஒரு தண்டனையும் கொடுக்கவில்லை. பதினொரு நாள் கழித்து பொஸ்ரனின் சண்டை வீரர் ஷோன் தோர்ண்டன் கூக்கைச் சண்டைக்கு இழுத்து அடித்தார். அது கூக்கை மாற்றியதா? இல்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரயன் மக்டோனாவின் தலையில் முழங்கையால் தாக்கினார். இம்முறை லீக் விழித்துக்கொண்டு, பருவத்தில் எஞ்சியிருந்த பத்து ஆட்டங்களுக்கும் பருவத்தின் பின் நடக்கும் பிளேஓஃப் போட்டிகளின் முதற் சுற்று முழுவதற்கும் அவருக்குத் தடை விதித்தது. அடுத்த பருவம் முழுவதற்கும் சேர்த்து அவருடைய தண்டனை நிமிடங்கள் 44 மட்டுமே. அவர் முற்றாகத் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், 2014 இல் இன்னொரு தடை பெற்றார். ஆனால் தோர்ண்டனின் கைமுட்டியால் ஆகாதது உங்கள் கையெழுத்தால் ஆயிற்று என்பதை உங்கள் பதிவேடே சொல்கிறது. சவார்ட் வீழ்ந்த பிறகு நீங்கள் கொண்டுவந்த 48 ஆம் விதி, பக்கவாட்டிலிருந்து தலையைக் குறிவைக்கும் மோதலைத் தடைசெய்தது. எந்தச் சண்டை வீரரும் தராத பாதுகாப்பை அந்த விதி தந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2021 மே 3 அன்று நடந்தது. வாஷிங்டனின் டொம் வில்சன், முகம் பனியில் பதிந்து கிடந்த ரேஞ்சர்ஸ் வீரர் பாவெல் புச்னேவிச்சைக் குத்தினார். ஹெல்மெட் இல்லாதிருந்த, அதே அணியின் நட்சத்திர வீரர் ஆர்த்தெமி பனாரினைத் தரையில் வீசினார். பனாரின் அந்தப் பருவத்தில் பிறகு ஆடவில்லை. வில்சனுக்கு நீங்கள் விதித்தது 5,000 டொலர் அபராதம். உங்கள் வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவரைக் கண்டித்து அறிக்கை விட்ட ரேஞ்சர்ஸ் அணிக்கு விதித்தது 250,000 டொலர். இரண்டு நாள் கழித்து அதே அணிகள் சந்தித்தபோது முதல் நொடியிலேயே மூன்று சண்டைகள் வெடித்தன. அந்தக் கோடையில் ரேஞ்சர்ஸ் ரயன் ரீவ்ஸைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

சண்டை வீரருக்கு இன்றும் மதிப்பு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் தரும் விடை இந்த நிகழ்ச்சியில்தான் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் அது நீங்கள் செய்யத் தவறிய வேலையின் மதிப்பு. தன் சிறந்த வீரரை லீக் காக்காது என்று ஓர் அணி முடிவுகட்டும்போது, அந்தக் காவலை அது தனியாக விலைகொடுத்து வாங்குகிறது. அந்தக் காவல் வேலைக்குத்தான் சஸ்கச்சவானிலிருந்தும் ஒன்ராறியோவிலிருந்தும் பெரிய உடம்பும் சாதாரணக் கைத்திறனும் கொண்ட பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள்.

2025 பெப்ரவரி 15 அன்று மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் ஒன்பது நொடிகளில் மூன்று சண்டைகள் நடந்ததைக் காட்டி, 'பாருங்கள், சண்டை இன்னும் உயிரோடு இருக்கிறது' என்று எங்கள் அரங்கில் பலர் மகிழ்ந்தார்கள். மத்யூ கச்சக், பிரேடி கச்சக், ஜே.ரி. மில்லர், பிரண்டன் ஹேகல், சாம் பெனட், கோல்ட்டன் பரெய்கோ: இந்த ஆறு பேரில் ஒருவர்கூடச் சண்டைக்காக மட்டும் அணியில் இருப்பவர் அல்லர். ஆறு பேரும் முதல்தர ஆட்டக்காரர். முரட்டுத்தனம் வேண்டும் என்போர்கூட, அதற்கென்று தனி ஆள் வைத்திருக்கத் தேவையில்லை என்பதையே அன்று கண்டார்கள். அந்த ஆறு பேரும் அப்படிச் செய்திருக்கக்கூடாது என்பது என் கருத்து. அது வேறு விடயம்.

இனி விலையைப் பற்றி. 2011 மே 13 அன்று சண்டை வீரர் டெரெக் பூகார்ட் இறந்தபோது அவருக்கு வயது 28. மதுவும் வலிமருந்தும் கலந்ததால் நேர்ந்த மரணம் அது. 277 ஆட்டங்களில் மூன்றே கோல் அடித்த அவரை மினசோட்டா மக்கள் கொண்டாடினார்கள். அவருடைய மூளையை ஆராய்ந்த பொஸ்ரன் பல்கலைக்கழகத்தினர், தலையில் ஆண்டுக்கணக்கில் விழும் அடிகளால் மூளை சிதையும் சி.ரி.ஈ. என்ற நோய் அந்த வயதிலேயே அதில் முற்றியிருந்ததைக் கண்டார்கள். அதே கோடையில், அதே வேலையைச் செய்த ரிக் ரிப்பியன் ஓகஸ்ட் 15 அன்றும் வேட் பெலாக் ஓகஸ்ட் 31 அன்றும் இறந்தார்கள். பெலாக் எங்கள் ஊர் அணியின் ஆள். இறந்ததும் இந்த ஊரில்தான். அவருக்கு முன்பே இன்னொரு சண்டை வீரர் பொப் ப்ரோபர்ட் 45 வயதில் போய்விட்டார். அவர் மூளையிலும் அதே நோய் இருந்தது. உங்கள் லீக்குக்கு வெளியே, 2008 டிசெம்பரில் பிரான்ட்ஃபோர்டில் நடந்த ஆட்டமொன்றில் ஹெல்மெட் கழன்ற நிலையில் சண்டையிட்டு விழுந்த 21 வயது டொன் சாண்டர்சன், 2009 ஜனவரி 2 அன்று இறந்தார். அந்தச் செய்தியை வாசித்த ஒன்ராறியோப் பெற்றோர் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

தனி மரணங்களை வைத்து வாதிடக்கூடாது என்று நீங்கள் சொல்லலாம். 2023 இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 1967 முதல் உங்கள் லீக்கில் ஆடியவர்களின் பதிவுகளை எடுத்து, சண்டை வீரர்களை அவர்களை ஒத்த மற்ற வீரர்களோடு ஒப்பிட்டார்கள். இறந்தோர் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இறந்த சண்டை வீரர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்திருந்தார்கள். தற்கொலையும் போதைமருந்து மிகையும் அவர்களிடையே கூடுதலாக இருந்தன. 2024 டிசெம்பரில் வெளிவந்த பொஸ்ரன் ஆய்வில், மூளை தானம் செய்யப்பட்ட உங்கள் லீக் வீரர்கள் 19 பேரில் 18 பேருக்கு சி.ரி.ஈ. இருந்தது. நோய்க்குறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன என்பதையும், அந்த ஆய்வு சண்டையை மட்டும் அல்ல, ஆடிய ஆண்டுகள் அனைத்தையும் பற்றியது என்பதையும் நான் மறைக்கவில்லை. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், திரு. பெட்மன் அவர்களே, நம் விளையாட்டின் அம்சங்கள் இந்த நோயை உண்டாக்குகின்றன என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை என்று 2023 இல் நீங்கள் வானொலியில் கூறிய நிலைப்பாட்டில் இன்னமும் நிற்க முடியாது. 2018 நவம்பரில், மூளைக் காயங்களுக்காக வழக்குத் தொடுத்த 318 முன்னாள் வீரர்களுடன் 189 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்டபோதும் எந்தப் பொறுப்பையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த மடலை வாசிக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்பும் ஒருவர் உங்களிடையே இருக்கிறார். உங்கள் வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவர் திரு. ஜோர்ஜ் பாரோஸ், தாமே ஒரு சண்டை வீரராக இருந்தவர். 2013 ஒக்டோபர் 1 அன்று மொன்றியலில் கோல்ட்டன் ஓருடன் நடந்த சண்டையில் நிலைதடுமாறி முகம் பனியில் அடிபட விழுந்தார். தூக்குப் படுக்கையில்தான் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். ஐயா, அன்று உங்களைச் சுற்றி நின்று கையசைத்து உதவி கேட்ட மருத்துவப் பணியாளர்களின் முகங்களை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். பின்னொரு நாள் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மாற்றம் இயலாத ஒன்று அல்ல. ஒலிம்பிக்கில் சண்டையிட்டால் வெளியேற்றம். 1998 முதல் 2014 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் உங்கள் வீரர்களே அந்த விதியின் கீழ் ஆடினார்கள், 2010 இல் வன்கூவரில் நடந்த இறுதியாட்டத்தை எவரும் சுவையற்றது என்று சொன்னதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியிலும் வெளியேற்றமே விதி. ஒன்ராறியோ ஹொக்கி லீக் 2012 இல் ஒரு வீரருக்குப் பருவத்தில் பத்துச் சண்டை என்ற எல்லையை வைத்து, 2016 இல் அதை மூன்றாகக் குறைத்தது. கியூபெக் இளையோர் லீக் 2023 இல் சண்டையிடும் எவரையும் ஆட்டத்திலிருந்து வெளியேற்ற முடிவுசெய்தது. இந்த லீக்குகளிலிருந்துதான் உங்கள் வீரர்கள் வருகிறார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. சண்டையில் இறங்கும் வீரர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்று 46 ஆம் விதியைத் திருத்துங்கள். ஃபேஸ்ஓஃபில் பேசிவைத்துக்கொண்டு தொடங்கும் சண்டைகளுக்கும், ஒரே பருவத்தில் மீண்டும் சண்டையிடுவோருக்கும் அடுத்தடுத்த ஆட்டங்களில் தடை விதியுங்கள். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். வேண்டுமென்றே தலையைத் தாக்குபவருக்கும், விழுந்து கிடப்பவரைக் குத்துபவருக்கும், அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், கூக்குக்கு 2011 இல் விதித்ததைப் போன்ற நீண்ட தடையை முதல் தடவையிலேயே விதியுங்கள். இல்லையேல் அணிகள் தங்கள் காவலைத் தாமே தேடிக்கொள்ளும் நிலை தொடரும். அபராதத்தின் உச்சவரம்பு ஒருவரைச் சிந்திக்க வைக்கும் அளவுக்கு உயர வீரர்கள் சங்கம் உடன்பட வேண்டும். அடிப்பவரைப் போலவே அடிபடுபவரும் உங்கள் அங்கத்தவரே.

தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிக்கும் சி.ரி.ஈ. நோய்க்கும் உள்ள தொடர்பை லீக் வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்களுக்காகச் சண்டையிட்டு ஓய்வுபெற்றவர்களுக்கு, 2018 இணக்கத்தில் அவர்கள் கையொப்பமிட்டார்களா இல்லையா என்று பாராமல், நரம்பியல், உளவியல் சிகிச்சையையும் போதையிலிருந்து மீள்வதற்கான உதவியையும் வாழ்நாள் முழுவதும் வழங்குங்கள். சண்டைக் காட்சிகளை உங்கள் அதிகாரபூர்வப் பக்கங்களில் வெளியிடுவதை இந்தப் பருவத்திலேயே நிறுத்துங்கள். இதற்கு விதித் திருத்தமோ ஒப்பந்தமோ தேவையில்லை.

உங்கள் விதிகளைப் பரிசீலிக்கும் குழுவின் அடுத்த கூட்டத்தில் 46 ஆம் விதியை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னாள் சண்டை வீரர்களையும், இறந்தவர்களின் குடும்பத்தினரையும், இளையோர் அணிகளில் காயங்களைக் கவனிக்கும் ட்ரெய்னர்களையும் அழைத்துக் கேளுங்கள். சேர்க்க மாட்டோம் என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை எழுத்தில், பெயரிட்டு, பெற்றோராகிய எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன், தொண்டர் ட்ரெய்னர்